பல்சுவை உணவகம்

ஓரடிக்கு ஓரங்குலம்.
அந்தக் கணக்கிலும் கரடிப்போக்குச் சந்தி
என் மேசையில் அடங்காது.
ஒரு கடை அடங்கும்.
மார்கழி மழையில் தொடங்கினேன்,
இப்போது பங்குனி, மிச்சம் பூச்சு வேலைதான்.

பகலில் ஆஸ்பத்திரியில் பல்லுக் கட்டுகிறவள் நான்.
வாய்களைக் காண்பதில்லை.
வாய்களின் அச்சுத்தான் என்னிடம் வரும்,
ஈரத்துணியில் சுற்றி, இலக்கம் ஒட்டி.
ஆகவே சுவர், தாடை வார்க்கிற மஞ்சள் சாந்து.
கண்ணாடிப் பெட்டியில் உள்ள மஸ்கெற்
முரசுக்குக் குழைத்த பிசினில் மிஞ்சியது.
விறைப்பூசி மருந்து தீர்ந்த குழாய்கள்
ஒரேஞ்ச் சோடாவாக வரிசையில் நிற்கின்றன.
(எல்லாம் குப்பைக்குப் போக இருந்தவை,
கணக்குக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.)
பெயர்ப்பலகைக்கு யோசிக்கவே இல்லை.
பல்சுவை.

கட்டுவது லேசு. முடிக்கத்தான் கரைச்சல்,
முடிப்பது என்றால் அழுக்காக்குவது.
தேயிலைச் சாயத்தில் தூரிகையைத் தோய்த்து
கதிரை முதுகு உரசுகிற உயரத்தில் ஒரு கோடு.
காசு மேசைக்குப் பக்கத்தில்
யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பைத் துடைத்த விரல்.
கொத்துத் தகட்டுக்கு மேலே கரி;
அது மெழுகுதிரிப் புகை, அசல்.
மேசைக்கு மேசை கை துடைக்கப்
பேப்பர்த் துண்டு வெட்டி வைத்தேன்.
ஒன்றில் பாதி மரண அறிவித்தல் வந்துவிட்டது,
எடுத்துவிட்டு விளையாட்டுப் பக்கம் வைத்தேன்.

சுகிர்தா அக்கா குனிந்து பார்த்தாள்.
"கிளிநொச்சிக் கடை எண்டால்
சுவரில நாலு ஓட்டை வையன்,
பார்க்கிற சனத்துக்கு விளங்கும்."
பல் அராவுகிற மெசினை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.
ஒரே ஒரு ஓட்டை போட்டேன்.
ஓட்டையில் ஆணி, ஆணியில் கலண்டர்,
இந்த வருசத்துக் கலண்டர்.

பக்கத்து வளவு நிமலரூபன் பீ.எச்.ஐ.
தண்ணிப் பம்புக்குச் சாவி கேட்டு வந்தவர்
கேட்க வந்ததை மறந்து போனார்.
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு,
"கை கழுவுற இடம் எங்க?"
"..."
"வடைப் பெட்டிக்குக் கதவு இல்லை. இலையான் மொய்க்கும்."
"இந்த அளவில இலையானே கடையை விடப் பெரிசு."
"சமைக்கிறவருக்குத் தொப்பி?"
"ஆளே இல்லை, அண்ணை."
"அப்ப லைசென்ஸ் ஆற்ற பேரில?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
சாவியோடு போய்விட்டார்.

கழுவுதொட்டி கஷ்டமாய் இருக்கவில்லை.
யாருக்கோ பொருந்தாமல் திரும்பி வந்த
பீங்கான் கடைவாய்ப்பல் உறை,
மல்லாத்தினால் தொட்டி.
கொஞ்சம் சின்னன், ஒரு கை கழுவலாம்.
அறுந்த தோட்டுக் கொக்கியில் பைப்பு.
இலையானுக்குக் கதவும் போட்டேன்,
ஆனால் மூட மனமில்லை.

லைசென்ஸ் விரல் நகத்தளவு.
இரண்டு மயிர்த் தூரிகையால்
மேலே பிரதேச சபை, கீழே ஒரு முத்திரை வட்டம்,
நடுவில் உரிமையாளர், பக்கத்தில் இரண்டு புள்ளி.
அந்தக் கட்டத்தில்
காணிப் படிவத்திலும் வங்கிப் படிவத்திலும்
எப்போதும் ஒரு கோடு கீறிவிட்டுக் கீழே போவேன்.
மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினேன்:
வ. தர்மினி.
எழுத்தா எறும்புக் காலா என்று
என்னாலேயே வாசிக்க முடியவில்லை.
சட்டம் போட்டு மாட்டினேன்.

பிறகு மின்சாரம் போனது.
போன் வெளிச்சத்தைக் கூரைக்குள் விட்டேன்.
கதிரைகளின் நிழல் என் சுவர் முழுக்க எழும்பியது,
அசல் கதிரைகளின் உயரத்துக்கு.

அப்போதுதான் அது வந்தது.
முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிற கடைக்குள்
பின்பக்க இடுக்கால் ஒரு கட்டெறும்பு.
காசு மேசையைத் திரும்பியும் பார்க்கவில்லை.
வடைக்குச் சோளமா பிசைந்தது என் பிழை.
ஒன்றைக் கவ்வி, ஒருக்கால் விழுத்தி,
மறுபடி தூக்கிக்கொண்டு
லைசென்சுக்குக் கீழால் இறங்கிப் போனது.

தட்டில் ஆறு வடை வட்டமாய் இருந்தது.
இப்போது ஐந்து, ஒரு பக்கம் வெறுமை.
இனித்தான் கடை மாதிரி இருக்கிறது.
அந்த வெறுமையில் எண்ணெய்க் கறை ஒன்று வைக்க வேணும்,
நாளைக்கு, பின்னேரம்.
காலை ஏழரைக்கு ஒரு கீழ்த்தாடை இருக்கிறது.